தொட்டுப் பார்த்த பறவை

நாய்க்குட்டி மெர்ல் வீட்டுக்குள் வந்த அன்றைக்கே டாண்டி லெய்ட்லா வீட்டுக்குச் சட்டம் போட்டுவிட்டார். குட்டியின் வாயில் இருக்கிற எதையும் யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. செருப்பைக் கவ்வினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைக் கவ்வினாலும் சரி. குனிந்து, கையைத் தாடைக்குக் கீழே ஏந்திக்கொண்டு, அதுவாக விடும்வரைக்கும் நிற்க வேண்டும்.

"யாரு தொப்பின்னாலுமா?" என்று கேட்டாள் அவர் மனைவி எஃபி.

"யாரு தொப்பின்னாலுந்தான்."

"அப்ப சரி. உன்னோடத வச்சே பழக்கிடறேன்."

டாண்டி சிரிக்கவில்லை. நாய் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது. வைட்ஹோப் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷமாகத் தலைமைக் கீப்பர் அவர். ஃபெசண்ட் என்கிற வேட்டைக்கோழிக் குஞ்சுகளை வளர்ப்பது, நரியைத் துரத்துவது, இலையுதிர் காலம் முழுக்கத் துரைமார்கள் சுடுவதற்குப் பறவைகளைக் கலைத்துவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் நாலு பள்ளத்தாக்கு தள்ளியும் அவர் பேர் தெரிந்தது நாயால்தான். சுட்டு விழுந்த பறவையை முள்ளிலும் ஓடையிலும் புகுந்து தேடி, இறகு கசங்காமல் கையில் கொண்டுவந்து கொடுக்கிற கறுப்பு லாப்ரடார்கள். அந்த வம்ச வழியில் மிஞ்சியிருந்த பெட்டை டிப். அதன் கடைசி ஈற்றில் பிழைத்தது பெட்டைக்குட்டி மெர்ல் ஒன்றுதான். டிப்பும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

ஆகவே குட்டியை எஃபிதான் சமையலறையில் வைத்து ஆளாக்கினாள். காலையில் ஓட்ஸ் கஞ்சி, சாயங்காலம் முயல் வேகவைத்த தண்ணீரில் ஊறின ரொட்டி. பின்கட்டுக்குப் போகிற குறுகலான நடையில் டாண்டி சுருட்டின காலுறையை எறிவார். குட்டி ஓடி எடுக்கும். திரும்பி வர அவரைத் தவிர வேறு வழி கிடையாது, அதனால் அவரிடமே வரும். மூன்று தடவைக்கு மேல் எறியமாட்டார்.

"இன்னொரு தடவை எறியேன். பாவம், வாலை ஆட்டிக்கிட்டு நிக்குது" என்பாள் எஃபி.

"ஆசை இருக்கறப்பவே நிறுத்தணும் புள்ள. சலிச்சுட்டா வேலை, சலிக்காட்டி விளையாட்டு."

"என்னைய மட்டும் முப்பது வருஷமா சலிக்கச் சலிக்க வேலை வாங்கறியே."

"நீ காலுறையக் கொண்டாந்து குடுத்ததே இல்லையே."

காலுறைக்குப் பிறகு முயல்தோல் சுற்றின சாக்குப் பொதி. அதன் பிறகு ஆறிப்போன புறா. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்கியதும் இரண்டு பேருமாகத்தான். எஃபி கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பாத்திரம் துடைக்கிற துணியை ஆட்டுவாள். இரண்டு வயல் தள்ளி நிற்கிற டாண்டி வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். மெர்ல் காதைத் தூக்கும், பிறகு கிண்ணத்துக்குள் தலையை விட்டுக்கொள்ளும். வாரத்துக்கு அரை வயல் அரை வயலாக அவர் கிட்டே வந்தார். வசந்த காலம் முடிவதற்குள் வாசலில் நின்று சுட்டாலும் கஞ்சி சிந்தவில்லை. அவசரப்பட்டு முதல் நாளே காதுக்குப் பக்கத்தில் சுட்டு நாயைக் கெடுத்தவர்கள் அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. டாண்டி அந்த ரகம் இல்லை.

இதற்கு நடுவில்தான் அவர் கை போய்க்கொண்டிருந்தது.

பெரிய புயலில் எஸ்டேட்டின் பாதிக் காடு சாய்ந்துவிட்டது. அதை அறுத்துத் தள்ள ஆள் பற்றாமல் கீப்பர்களையும் இழுத்துவிட்டார்கள். மூன்று கோடைக்காலம் முழுக்க டாண்டி இயந்திர ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் அதிர்வில் முதலில் விரல் நுனியில் குறுகுறுப்பு. பிறகு குளிர் விழுந்த காலைகளில் விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்துப் போயின. சட்டைப் பொத்தான் மாட்ட வராது. எஃபி மாட்டிவிடுவாள். ஒருநாள் பேசிக்கொண்டே அடுப்புத் தகட்டில் கையை ஊன்றியவர், தோல் கருகுகிற வாடை வந்த பிறகுதான் எடுத்தார்.

"டாக்டர்கிட்டப் போலாம்" என்றாள் எஃபி.

"போனா ஆபீசுக்குக் காகிதம் போகும். மேனேஜர் ஹால்டேன் படிப்பாரு. துப்பாக்கி புடிக்கற கையில உணர்ச்சி இல்லைன்னா வேலையில வச்சுப்பாங்களா?"

வேலை போனால் வீடும் போகும். அது கீப்பருக்கு உள்ள வீடு, லெய்ட்லாவுக்கு உள்ள வீடு இல்லை. எஃபிக்கு அந்த வீட்டின்மேல் பெரிய மோகம் ஒன்றும் கிடையாது; கூரை ஒழுகும், புகைபோக்கி காற்றடித்தால் உள்ளுக்கே துப்பும். ஆனால் சமையலறை ஜன்னலில் நின்றால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துச் சுவர் தெரியும். ஒன்பது மாதக் குழந்தையாகப் போன அவர்களுடைய மகன் அந்தச் சுவருக்குள் இருக்கிறான். பாத்திரம் கழுவுகிற நேரமெல்லாம் அவள் அவனோடுதான் இருந்தாள். அதனால் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பொத்தானை மாட்டிவிட்டு வாயையும் பூட்டிக்கொண்டாள்.

மெர்லுக்கு இரண்டு வயது நிரம்பிய நவம்பரில் அதை முதல் தடவையாகப் பெரிய வேட்டை நாளுக்குக் கூட்டிப் போனார் டாண்டி. தரை இரும்பாக உறைந்து கிடந்த நாள். எஃபி களஞ்சியத்தில் பட்டாணி சூப்பு காய்ச்சிக்கொண்டிருந்ததால் காலையில் முதல் இரண்டு சுற்று வேட்டையையும் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்று களஞ்சியத்துக்கு எதிரிலேயே நடந்தது. சூப்பு வாளியை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

இறக்கையில் அடிபட்ட சேவல் ஒன்று ஓடைக்கு அந்தப்பக்கம் விழுந்து ஓட்டம் பிடித்தது. டாண்டி கையை நீட்டி ஒரு சொல் சொன்னார். மெர்ல் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு ஓடையில் இறங்கி, கரையேறி, கோரைக்குள் மறைந்தது. எத்தனையோ நேரம் ஆனமாதிரி இருந்தது. பிறகு சேவலைக் கவ்விக்கொண்டு தலையை நிமிர்த்தி வந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் காலடியில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் கொடுத்தது. துப்பாக்கிக்காரர் ஒருவர் கைதட்டிவிட்டார்.

டாண்டி சேவலின் கழுத்தைத் திருகி முடித்துவிட்டு, கட்டைவிரலும் மற்ற விரல்களுமாக அதன் விலாவைச் சுற்றிப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். நாயின் வாய் எப்படி என்று பார்ப்பதற்கு அதுதான் வழி. விலா வில் மாதிரி நின்றால் மெத்து வாய். உள்ளே நொறுங்கிக் கிடந்தால் இறுக்கு வாய். இறுக்கு வாய்க்கு மருந்து கிடையாது, மன்னிப்பும் கிடையாது. அது குட்டிக்குக் குட்டி இறங்கும் என்பதால் அப்படிப்பட்ட நாயிடம் ஈற்றெடுக்கவும் மாட்டார்கள்.

அவர் முகம் மாறிப்போனது. மறுபடி அமுக்கினார்.

"என்னய்யா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே ராப் ஹிஸ்லாப் வந்தார். பக்கத்து எஸ்டேட்டுக் கீப்பர். முப்பது வருஷமாக டாண்டியோடு வாய்ச்சண்டை போட்டே சிநேகம் வளர்த்தவர்.

"நொறுங்கிக் கெடக்கு. காலைல ரெண்டு இப்படி. இது மூணாவது."

"குடு, நானும்…" என்று கையை நீட்டின ராப், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். தலைமைக் கீப்பர் தொட்டுப் பார்த்த பறவையை இன்னொருத்தன் தொட்டுப் பார்ப்பதில்லை. பார்த்தால், நீ பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அந்த மரியாதை அங்கே எல்லாருக்கும் உண்டு.

"இறுக்கு வாய்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார் டாண்டி. பட்டையை மாட்டி மெர்லை வண்டிக்குக் கொண்டுபோனார். அதற்கு ஒன்றும் புரியவில்லை. வாலை ஆட்டிக்கொண்டே போனது.

அன்று மாலை வழக்கம்போல வீட்டுக்கு இரண்டு பறவை வந்தது. எஃபி மடியில் சாக்கை விரித்துக்கொண்டு இறகு பிடுங்க உட்கார்ந்தாள். மெர்ல் கொண்டுவந்த சேவலின் விலா அவர் சொன்னபடிதான் இருந்தது. இரண்டாவது ஒரு பெட்டைக்கோழி. அதன் இறகைப் பிடுங்கி முடித்தபோது அதன் விலாவும் உள்ளே போயிருந்தது.

"இந்தக் கோழியும் மெர்ல் எடுத்ததா?" என்று கேட்டாள்.

கணப்புக்கு முன்னால் பூட்ஸோடு உட்கார்ந்திருந்த டாண்டி தலையைத் தூக்காமல் சொன்னார். "இல்ல. அது கம்பி வேலியில தொங்கிக்கிட்டிருந்துச்சு. நானேதான் போய் எடுத்துட்டு வந்தேன்."

எஃபி கோழியை விளக்குப் பக்கம் திருப்பினாள். இடப்பக்கத்து விலாவில் வட்டமாக ஒரு பள்ளம். தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தாள். விரலைவிடக் கொஞ்சம் பெரியது. சேவலை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அதே இடத்தில் அதே பள்ளம். எந்த நாய்க்கும் கட்டைவிரல் கிடையாது.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பிடிக்கிற, அமுக்குகிற விரலுக்கு உணர்ச்சி இல்லை. அதனால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அமுக்கியிருக்கிறார். விரல் உள்ளே போவதைக் கண்ணால் பார்த்து, நொறுக்கியவரே நொறுங்கியிருக்கிறது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

சொல்லவேண்டியதுதானே? சொல்ல வாயைத் திறந்தாள்.

"டாண்டி, இன்னொரு தரம் அவளப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணேன்."

"மூணு பறவை பாத்தாச்சு."

"குளிரு… தரையும் கல்லு மாதிரி கெடந்துச்சு. விழுந்ததுல ஒடைஞ்சிருக்கும்."

"ஒரு பக்கம் ஒடையும். ரெண்டு பக்கமுமா ஒடையும்?" அவர் கையைப் பார்த்துக்கொண்டார், திறந்து மூடினார். "எனக்குத் தெரிஞ்சது இந்த ஒண்ணுதான் புள்ள. இதுலயும் நான் தப்புன்னா எதுக்கு என்னைய வச்சிருக்காங்க?"

அந்த வார்த்தையோடு அவள் வாய் மூடிக்கொண்டது. அவரை அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் விடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு நேரே ஆபீசுக்கு நடந்து, தானே சொல்லிவிட்டு வந்துவிடுவார். வசந்தத்துக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டியிருக்கும். ஆற்றுக்கு அந்தப்பக்கம் தெரிகிற சுவர் தெரியாமல் போய்விடும். நாய்தானே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எங்கே போனாலும் யாராவது சோறு போடுவார்கள். கோழியைத் துண்டு துண்டாக வெட்டிப் பானையில் போட்டு, எலும்பையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டாள்.

கார்லைல் ஊரில் மிஸ் ரூட்லெட்ஜ் என்று ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா ஒருத்தர் துணைக்கு ஒரு நாய் தேடிக்கொண்டிருந்தார். டாண்டி இரண்டே நிபந்தனை போட்டார். வேட்டைக்கு விடக் கூடாது; குட்டி போடாமல் அறுவை செய்துவிட வேண்டும்.

"அதென்னத்துக்கு அறுவை?" என்றாள் எஃபி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"கெட்ட வாய எவன் தலையிலயாவது கட்டச் சொல்றியா? டிப்போட வழி என்னோட போகட்டும்."

சனிக்கிழமை கார் வந்தது. மெர்ல் ஏறச் சொன்னதும் ஏறியது, உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தது. அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். கார் திரும்பும்போது பின்கண்ணாடி வழியாக எஃபியையே பார்த்துக்கொண்டிருந்தது, அடுத்த சொல்லுக்காக. அவளிடம் சொல்வதற்கு ஒரு சொல் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

ஜனவரி மூன்றாம் வாரத்தில் கடிதம் வந்தது. டாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடையிடையே தேநீரை உறிஞ்சிக்கொண்டு, உரக்கப் படித்தார். நாய் சுகம். அறுவை நல்லபடியாக முடிந்தது. ராத்திரியில் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்கிறது, நானும் விட்டுவிட்டேன். "'நேற்று ஒரு வேடிக்கை. மேஜைமேல் கூடையில் ஒரு டஜன் முட்டை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். மெர்ல் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து, புல்லில் என் காலடியில் வைத்தது. பன்னிரண்டு முட்டை. ஒன்றில்கூட…'"

அவர் நிறுத்திவிட்டார். எஃபி பாத்திரம் கழுவுகிற தொட்டியை விட்டுத் திரும்பவில்லை.

"'…ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை'" என்று படித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இறுக்கு வாய் நாய் முட்டைய ஒடைக்காம தூக்குமா, எஃபி?"

"தெரியலையே."

"உனக்குத் தெரியும்." எழுந்து போய், குளிர்ந்த அறையில் தொங்கின ஒரு சேவலை எடுத்து வந்து மேஜைமேல் போட்டார். "இத நானே சுட்டேன், நானே எடுத்தேன். இன்னும் விலாவத் தொடலை. நீ தொட்டுப் பாரு."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டாள். "நல்லா இருக்கு."

அவர் பிடித்து அமுக்கினார், எப்போதும் அமுக்குகிறபடி. விலா ஒடிவது அவர் விரலுக்குத் தெரியவில்லை. அவளுக்குச் சத்தமே கேட்டது, காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி.

"இப்பப் பாரு."

அவள் தொடவில்லை. அழ ஆரம்பித்திருந்தாள்.

"எப்பத்துலருந்து தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே. கோழி உரிக்கறப்பவே."

"கார் வர்றதுக்கு முன்னாடியே?"

"மூணு நாள் முன்னாடி."

டாண்டி உட்கார்ந்தார். அவர் கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

"சொல்லியிருந்தா நீ நேரா ஹால்டேன்கிட்டப் போயிருப்ப."

"போயிருப்பேன்."

"வீடு போயிருக்கும். அந்தச் சுவரு… நான் எங்க நின்னு பாப்பேன்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியும் புள்ள" என்றார். "ஆனா நாலு பேரு முன்னாடி அவள இறுக்கு வாய்ன்னு சொன்னவன் நான். அந்த நாலு பேரு முன்னாடியே திருப்பி எடுத்துக்கணும். வேட்டைப் பருவத்தோட கடைசி நாளு வருதில்ல, அன்னிக்குச் சொல்லிடறேன்."

"மெர்லத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடலாமே."

"அவ இப்ப அந்தம்மாவோட கட்டில்ல படுத்துத் தூங்குறா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்? கூட்டியாந்தாத்தான் என்ன? டிப்போட வழிய நானே சொல்லி அறுத்தாச்சு."

கடைசி வேட்டை நாளன்று களஞ்சியத்தில் இருபது பேருக்கு மேல் வைக்கோல் கட்டுகளில் உட்கார்ந்து சூப்பு குடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ஹால்டேனும் இருந்தார். எஃபி கரண்டியோடு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள். காலையில் பொத்தான் மாட்டிவிடும்போது, வேண்டாம் என்று ஒரு தரம்கூட அவள் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க முடிந்தது இந்தத் தடவை மட்டும் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

டாண்டி தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

"ஒரு நிமிஷம். நவம்பர்ல எம் பெட்டைய இறுக்கு வாய்னு சொன்னேன். அது தப்பு. அவ வாயி பட்டு. பறவைய நொறுக்குனது எங்கையி. ரம்பம் புடிச்சுப் புடிச்சு விரல்ல உணர்ச்சி போயிருச்சு. மறைச்சு வச்சிருந்தேன். மிஸ்டர் ஹால்டேன், வேலைய விட்டு நிறுத்தறதுன்னா நிறுத்திக்கங்க. நாய்மேல சொன்னத மட்டும் எல்லாரும் மறந்துருங்க."

ஒருத்தர் ரொட்டியைப் பிட்டு, பிட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹால்டேன்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"உட்காருங்க டாண்டி. உங்க கை விஷயம் போன வசந்தத்துலயே எனக்குத் தெரியும். ரம்பம் புடிச்ச மூணு பேருக்கு இப்படித்தான் ஆயிருக்கு. அப்பவே எஸ்டேட் முதலாளிகிட்டயும் பேசிட்டேன். துப்பாக்கி வேலைக்கு வேற ஆள். குஞ்சு வளர்ப்பு உங்க பொறுப்புலயே இருக்கட்டும். வீடு உங்க ரெண்டு பேர் காலம்வரைக்கும் உங்களுக்குத்தான். எழுதியே வச்சாச்சு."

"எனக்குச் சொல்லலையே" என்றார் டாண்டி.

"நீங்களா வந்து சொல்ற வரைக்கும் நாம எதுக்குக் கேக்கணும்னு இருந்தேன். உங்க மனசு சங்கடப்படுமேன்னு."

டாண்டி மெதுவாக ராப் பக்கம் திரும்பினார். "நீயும்?"

ராப் ஹிஸ்லாப் சூப்புக் கோப்பையைக் கீழே வைத்தார். எப்போதும் வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கிறவர். "உன் கட்டைவிரல் உள்ள போறதக் கண்ணால பாத்தேன்யா" என்றார். "கையக்கூட நீட்டுனேன். நீ தொட்டுப் பாத்த பறவை. எப்படித் தொடறது?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, ராப்."

"சொல்லியிருக்கலாம்."

எஃபியின் கையில் கரண்டி இருந்தது. போன வசந்தத்திலேயே வீடு அவளுடையதாகிவிட்டிருக்கிறது. அந்தச் சுவரை எவனும் அவளிடமிருந்து எடுக்க வரவே இல்லை. அன்று சாயங்காலம், மடியில் கோழியை வைத்துக்கொண்டு அவள் வாயைத் திறந்திருந்தால் மெர்ல் இன்றைக்கு இந்தக் களஞ்சியத்தில், அவர் காலடியில், நனைந்த உடம்போடு உட்கார்ந்திருக்கும். வரப்போகிற வசந்தத்தில் குட்டியும் போடும். இத்தனை பேர் சேர்ந்து ஒருத்தரை நோகவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவளும் பார்த்துக்கொண்டாள்.

வெளியே கொம்பு ஊதினார்கள், அடுத்த சுற்றுக்கு நேரமாகிவிட்டது. ஆட்கள் எழுந்து, டாண்டியைத் தாண்டும்போது ஆளுக்கொரு தரம் அவர் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனார்கள். டாண்டி அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து கோப்பையை நீட்டினார். எஃபி சூப்பை ஊற்றிவிட்டு, சூடாக இருக்கிறது, பார்த்துப் பிடி என்றாள்.